நீலக் கார் திரும்பாத வளைவு

வாரம் முழுக்க அவள் ஆமை வேகத்தில் போகிறவள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பின்னால் உட்கார்ந்திருக்கும் வாண்டுகள், "வேன் அக்கா, அந்தச் சைக்கிளையாவது முந்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். அவள் மேலே இருக்கும் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள். சத்தம் அடங்கிவிடும். வேகம் மட்டும் கூடாது. தெருவில் பெரியவர்களுக்கும் அவள் வேன் அக்காதான். அவள் கணவர் தையல் கடை வைத்திருந்தார். கடைக்கு வழி கேட்பவர்களுக்கு "வேன் அக்கா வீட்டுக்காரர் கடையா?" என்றுதான் ஊரே அடையாளம் சொல்லும். அதில் தையல்காரருக்குக் கொஞ்சம் குறை, கொஞ்சம் பெருமை.

விடுமுறை நாள் வந்தால் அவள் ஆளே வேறு. எங்கோ மலைச்சரிவில், மண் சாலை ஓரத்தில், பழைய காலணியும் அகன்ற தொப்பியுமாகக் கேமராவோடு நிற்பாள். கார் ரேலி என்கிற மண் சாலைப் பந்தயத்தைப் படம் எடுப்பதுதான் அவள் பைத்தியம்.

அது பிடித்த கதை சின்னது. ஒருமுறை வேன் பழுதாகிப் பட்டறையில் கிடந்தபோது, பக்கத்தில் ஒரு ரேலி காரைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள். "வேடிக்கை பாக்க வாங்களேன்" என்று மெக்கானிக் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். அவள் நிஜமாகவே போய்விட்டாள். கைப்பேசியில் அன்று எடுத்த எந்தப் படத்திலும் கார் இல்லை, வெறும் தூசிதான் இருந்தது. அதை வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அடுத்த முறை காரைப் பிடித்தே தீர்வது என்று மனதுக்குள் ஒரு பிடிவாதம் விழுந்துவிட்டது.

பிறகு யாரோ பயன்படுத்திய கேமரா ஒன்றை வாங்கினாள். கார் வருகிற வேகத்துக்கு உடம்பையும் சேர்த்துத் திருப்பிப் படம் பிடிக்கப் பழகினாள். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தத்தை வைத்து எந்தக் கார் என்று சொல்லப் பழகினாள். ஓட்டுநர்களில் சிலர் அவள் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கி வீட்டில் மாட்டினார்கள். யாரிடமும் எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டாள்.

தையல்காரருக்கு மட்டும் இது பிடிக்கவே இல்லை. "கார் ஓட்டுறவன் தலையில இரும்புத் தொப்பி போட்டிருக்கான். நீ துணித் தொப்பி போட்டுட்டு எதிர்ல நிக்குற. உங்க ரெண்டு பேர்ல யாருக்கு மூளை இருக்குன்னு நீயே சொல்லு" என்பார். ஒருநாள் வாய் வார்த்தை முற்றி, "அப்ப நீங்களும் வந்து பாருங்க. நான் எங்க நிக்குறேன், எப்படி நிக்குறேன்னு பாத்துட்டுப் பேசுங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். அவரும் மடக்கு நாற்காலி, தேநீர் குடுவை, செய்தித்தாள் சகிதம் கிளம்பிவிட்டார்.

அன்று அவள் தேர்ந்தெடுத்தது ஓர் இடது வளைவு. நீளமான நேர்ச்சாலை ஒன்று இறங்கி வந்து, சட்டென்று திரும்பும் இடம். வளைவின் உட்புறத்தில் உயரமான மண்மேடு. அவள் அதன் மேலே நின்றாள். அங்கிருந்து நேர்ச்சாலை முழுவதும் தெரியும். கார் தடம் புரண்டால் வெளிப்பக்கமாகத்தான் போகும், உள்பக்கம் வராது என்பது அவள் கணக்கு. ஆனால் மேட்டில் கல்லும் மண்ணும் சரிந்துகொண்டே இருந்தன. தையல்காரரின் முழங்கால் அதற்கு ஒத்துழைக்கவில்லை. அவரைச் சாலைக்கு அந்தப்புறம், பார்வையாளர்களைத் தடுக்கக் கட்டியிருந்த நாடாவுக்கு நன்றாகப் பின்னால், ஒரு பெரிய பாறைக்கு அருகில் உட்கார வைத்தாள்.

"அங்கேருந்து உங்களுக்குக் கார் வர்றது தெரியாது. கார் வர்றப்போ வளைவுல நிக்குற கொடிக்காரர் விசில் ஊதினாலும் உங்க காதுக்கு எட்டாது" என்றாள். அவருக்கு ஒரு காது மந்தம், இன்னொரு காதும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. "நான் பாத்துட்டு இடது கையைத் தூக்குவேன். தூக்கினதும் எழுந்து பாறைக்குப் பின்னால போயிடுங்க. ஒவ்வொரு காருக்கும். சரியா?"

"சரிங்க டீச்சர்" என்றார் அவர்.

காலையில் அது ஒழுங்காக நடந்தது. நேர்ச்சாலையின் உச்சியில் கார் தலை காட்டியதும் அவள் கையைத் தூக்குவாள். அவர் எழுந்து பாறைக்குப் பின்னால் போவார். கார் சீறிக்கொண்டு திரும்பிப் போகும். தூசி அடங்கியதும் வந்து உட்கார்ந்து செய்தித்தாளை விரிப்பார். இடைவேளையில் அவளிடம், "பள்ளிக்கூடத்துல கூட வாத்தியார் என்னை இத்தனை தடவை எழுப்பி நிக்க வெச்சதில்ல" என்று சிரித்தார். அவருக்கு இந்த விளையாட்டு பிடித்துப் போயிருந்தது என்று அவளுக்குத் தோன்றியது. அவளுக்கும் மனசு நிறைவாக இருந்தது.

பிற்பகலில் அதே சாலையில் கார்கள் மறுபடி ஓடும். அதற்குள் வெயில் சாய்ந்து, பாறையின் பக்கம் சுட ஆரம்பித்தது. மர நிழல் நகர நகர, தையல்காரரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டே வந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தபோது நாடாவிலிருந்து கைநீட்டும் தூரத்தில் இருந்தார். "பின்னால போங்க!" என்று சைகை காட்டினாள். அவர் தலையாட்டிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்தார். கொஞ்சம்தான்.

இறங்கிப் போய் இழுத்து உட்கார வைக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள். ஆனால் அதற்குள் தொலைவில் அந்தச் சத்தம் கேட்டது.

நீலக் கார். அதை ஓட்டுபவள் ஒரு சின்னப் பெண். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். சாலையில் மட்டும் யாருக்கும் பணிய மாட்டாள். அந்தக் காரை நினைத்தபடி ஒரு படத்திலும் பிடிக்க முடியவில்லை என்பது வேன் அக்காவின் நெடுநாள் மனக்குறை. காலையில்கூடக் கோட்டை விட்டிருந்தாள். இப்போதோ வெயில் மரங்களுக்கு நடுவே சாய்ந்து விழுந்து, காற்றில் நின்ற தூசியெல்லாம் பொன்னாக இருந்தது. தூசியின் ஒவ்வொரு துகளும் உறைந்து நிற்கும்படி கேமராவை அமைத்தாள். மூச்சைப் பிடித்தாள்.

கார் உச்சியில் தலை காட்டியது. கொடிக்காரர் விசில் ஊதினார். அவள் இடது கை லென்சைத் தாங்கியபடி அப்படியே இருந்தது.

காரின் பின்பக்கம் ஏதோ தாழ்ந்து ஆடியது போல் இருந்தது. அடடா, என்ன மாதிரி வருது என்றுதான் நினைத்தாள். விரல் பொத்தானை அழுத்தியது. கேமரா தொடர்ந்து சடசடத்தது. கார் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவில்லை. பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு கேமராவில் தெரிந்த சட்டத்தை விட்டு விலகிப் போயிற்று. அவளும் பழக்கத்தில் அதன் கூடவே திரும்பினாள். நாடா அறுந்து பறந்தது. நாற்காலியின் கால் ஒன்று மேலே எழும்பியது. அந்தச் சட்டத்துக்குள் தன் கணவரின் சட்டை நிறத்தைக் கண்ட பிறகுதான் விரல் நின்றது.

பிறகு தூசி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

மேட்டிலிருந்து அவள் இறங்கவில்லை, சறுக்கி விழுந்தாள். சாலை ஓரத்துக்கு வந்தபோது கொடிக்காரர், "நில்லுங்க! அடுத்த வண்டி கிளம்பிடுச்சு!" என்று கத்தியபடி கொடியை ஆட்டிக்கொண்டு சாலையில் மேலே ஓடினார். எதிர்ப்பக்கம் எதுவும் தெரியவில்லை. தூசிக்குள்ளிருந்து ஓர் இன்ஜின் சத்தம். அது வழுக்கிப் போன காருடையதா, வருகிற காருடையதா? சத்தத்தை வைத்தே காரை இனம் சொல்கிறவளுக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே பிடிபடவில்லை. "என்னங்க!" என்று கூப்பிட்டாள். இன்னொரு முறை கூப்பிட்டாள். பிறகு, கூப்பிட்டாலும் அவர் காதில் விழாது என்பது உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

நீலக் கார் மரத்தில் முட்டி ஒருக்களித்து நின்றது. ஓட்டிய பெண்ணும், பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்கிறவனும் உருண்டு வெளியே வந்துவிட்டார்கள். தையல்காரர் மல்லாந்து கிடந்தார். அவர் வலது கால் காருக்கும் ஒரு விழுந்த மரத்துண்டுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. முகம் வெள்ளையாக இருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. அந்தப் பெண், "தூக்குங்க! எல்லாரும் தூக்குங்க!" என்று அலறிக்கொண்டே காரின் அடியில் தோளைக் கொடுத்தாள். யார் யாரோ ஓடி வந்தார்கள். கார் அசைந்தது. வேன் அக்கா அவர் அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்தாள்.

அவள் கழுத்தில் கேமரா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஆடி அவர் நெற்றியில் லேசாக இடித்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

மருத்துவமனையில் காலைத் திறந்து கம்பி வைத்தார்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்று சொன்ன பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு அவர் ஜன்னலோரம் கிடந்தார். கடை பூட்டியே இருந்தது. "தண்ணி வேணுமா?" என்றால் "குடு" என்பார். "வலிக்குதா?" என்றால் "இல்ல" என்பார். எதற்கெடுத்தாலும் கிண்டல் பேசும் மனிதர் இப்படி ஒற்றை வார்த்தையில் பேசியது அவளை வாட்டி எடுத்தது. அவள் கையைத் தூக்காதது அவருக்குத் தெரியுமா, தெரியாதா? கையைத் தூக்கியிருப்பாள், தான்தான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரா? கேட்கத் துணிச்சல் இல்லை. கேமராவை அலமாரியின் மேல்தட்டில் துணிகளுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். படங்களை அவள் பார்க்கவே இல்லை.

நீலக் கார்ப் பெண் பழங்களோடு பார்க்க வந்தாள். "சார், என்னாலதான். நான் வேகத்தைக் குறைச்சிருக்கணும். ரேலி கமிட்டியும் அதான் சொல்லுது" என்று கண் கலங்கினாள். இனிமேல் அவள் ஓட்டக் கூடாது என்று தடை போடப்போவதாகப் பேச்சு. தையல்காரர், "விடும்மா, வேணும்னா செஞ்ச?" என்றார். வேன் அக்கா அடுப்படியில் நின்று தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். சர்க்கரை கரைந்த பிறகும் கலக்கினாள்.

சில நாள் கழித்து ரேலி நடத்தியவர்கள் தரப்பிலிருந்து ஒருவர் வந்தார். கையில் பை வைத்திருந்த, உரத்துப் பேசுகிற மனிதர். "அந்த வளைவுல படம் எடுத்தது நீங்க ஒருத்தர்தான்மா. கார் எப்படித் தடம் மாறுச்சுன்னு தெரிஞ்சுக்க உதவும்" என்றார்.

"ஒண்ணும் விழலைங்க" என்றாள் அவள். "தூசியில எல்லாம் வீணாயிடுச்சு."

அவர் போனார். உள்ளறையிலிருந்து தையல்காரரின் குரல் வந்தது.

"இங்க வா."

போனாள்.

"அந்தாளு கத்திப் பேசினார். எனக்கே கேட்டுச்சு. நீ என்ன சொன்னே?"

அவள் சொன்னாள்.

"நிஜமாவே விழலையா?"

"தெரியாது. நான் பாக்கல."

"எடுத்துட்டு வா. பாப்போம்."

அவள் அலமாரியைத் திறந்தாள். கேமராவின் சின்னத் திரையை இருவரும் தலையோடு தலை முட்டப் பார்த்தார்கள். முதல் படத்திலேயே தெரிந்தது. காரின் பின்சக்கரத்தில் டயர் உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. வளைவுக்கு வருவதற்கு வெகு முன்பே. எவ்வளவு மெதுவாக வந்திருந்தாலும் அந்தக் கார் திரும்பியிருக்காது. அந்தப் பெண் மேல் தப்பே இல்லை.

அடுத்தடுத்த படங்களில் கார் நெருங்க நெருங்க, அதற்கு அப்பால், நாடாவை ஒட்டி, தையல்காரர் தெரிந்தார். நாற்காலியின் நுனியில் பாதி எழுந்த மாதிரி இருந்தார். இரண்டு கையும் முழங்காலில். கார் வரும் திசையில் அவர் பார்க்கவே இல்லை. நிமிர்ந்து, நேராக, மேட்டின் மேல் நின்ற அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் அல்ல, எல்லாப் படத்திலும்.

அவர்தான் முதலில் பேசினார்.

"வெயில் கண்ணுல அடிச்சுது. நீ கை தூக்கினியா இல்லையான்னே எனக்குத் தெரியல."

"நிழல்லதான உட்கார்ந்திருந்தீங்க?" என்றாள் அவள். படத்தில் அவர் முகத்தின் மேல் மர நிழல் தெளிவாக விழுந்திருந்தது. "பொய் சொல்லாதீங்க. என்னைத்தான் பாத்துட்டிருந்தீங்க. நான் தூக்கல. எனக்குப் படம்தான் தெரிஞ்சுது, நீங்க தெரியல."

அவர் கேமராவை மெத்தையில் வைத்தார்.

"சரி, சொல்றேன்" என்றார். "விசில் கேட்டுச்சு. லேசாக் கேட்டுச்சு. கார் வருதுன்னு தெரியும். எழுந்திருக்கலாமான்னு தோணுச்சு. ஆனா நீ தூக்கலையே, அப்ப இன்னும் நேரம் இருக்குன்னு உட்கார்ந்திருந்தேன். உன்னை நம்பி உட்கார்ந்திருந்தேன். அன்னிக்கிலேருந்து உன்மேல எனக்குக் கோபம். பல்லைக் கடிச்சிட்டுக் கிடக்குறேன். உன் முகத்தைப் பாத்தா பாவமாவும் இருக்கு, கோபமாவும் இருக்கு. ரெண்டையும் ஒண்ணா வெச்சுட்டு என்ன பேசுறதுன்னு தெரியாமதான் பேசல."

"திட்டுங்க."

"திட்டுனா கால் சேர்ந்துடுமா? அது இருக்கட்டும். அந்தப் பொண்ணு இங்க உட்கார்ந்து அழுதுட்டுப் போகுது. நீ அடுப்படியில நின்னு கேட்டுட்டு இருந்தே."

"இது வெளிய போனா எல்லாரும் பாப்பாங்க. நீங்க என்னைப் பாக்குறதை."

"பாக்கட்டும். குடுத்துட்டு வா."

விசாரணை நடந்தது ஒரு சாதாரண அறையில். நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், கிரீச்சிடும் மின்விசிறி, சுவரில் வெள்ளைத் திரை. கடைசி நாற்காலியில் நீலக் கார்ப் பெண் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் போட்டார்கள். சின்னத் திரையில் விரல் நகம் அளவு இருந்த கணவரின் முகம் இங்கே சுவர் அளவு இருந்தது. டயரைக் கண்டதும் அறையில் சலசலப்பு எழுந்தது. அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலை முடிந்தது, எழுந்து போய்விடலாம் என்று வேன் அக்கா நினைத்த நேரம் விசாரணைக் குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"ஒரு சந்தேகம்மா. இவர் ஏன் காரைப் பாக்காம கேமராவையே பாக்குறார்? போட்டோவுக்கு நின்னாரா?"

யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. உள்ளங்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"இல்லைங்க. அவருக்குக் காது சரியாக் கேக்காது. கார் வந்தா நான் கை தூக்கிக் காட்டணும்னு பேச்சு. காலையிலேருந்து தூக்கிட்டுதான் இருந்தேன். இந்தக் காருக்குத் தூக்கல. படத்துல மூழ்கிட்டேன். அவர் எனக்காகக் காத்துட்டிருந்தார்."

சிரித்தவர் தலையைக் குனிந்துகொண்டார். நீலக் கார்ப் பெண் எழுந்து வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண்ணுக்குத் தடை வரவில்லை. வளைவுகளின் வெளிப்பக்கம் இனி ஒருவரையும் உட்கார விடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். அந்த நாடாவை அவ்வளவு அருகில் கட்டியது தங்கள் பிழை என்றும் ஒப்புக்கொண்டார்கள். வேன் அக்காவை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

தையல்காரரின் கால் கூடியது. ஆனால் மிதித்துத் தைக்கும் இயந்திரம் இனி ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மோட்டார் பொருத்தினார்கள். "இது தைக்குற சத்தமா, கரும்பு ஜூஸ் கடையா?" என்று அவர் முதல் நாளே புலம்பினார். அந்தப் புலம்பலைக் கேட்டதும் அவளுக்கு ஓவென்று அழுகை வந்தது. ஏனென்று அவர் கேட்கவில்லை. கோபம் ஒரே நாளில் போகவும் இல்லை. நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார், படியில் ஏறும்போது கால் வலித்தால் முகம் மாறிவிடும். அந்த நேரங்களில் அவள் எதிரில் நிற்காமல் உள்ளே போய்விடுவாள். நாளாக ஆக, போகாமல் நின்று கை கொடுக்கப் பழகினாள். அவரும் அதைப் பிடித்துக்கொள்ளப் பழகினார்.

கேமரா அலமாரியிலேயே கிடந்தது. அடுத்த பந்தயப் பருவம் தொடங்கியபோது நீலக் கார்ப் பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தது. வேன் அக்கா போவதாக இல்லை. தையல்காரர் துணி வெட்டிக்கொண்டே, "போறதுன்னா போ. நான் வரல, அவ்வளவுதான்" என்றார். கோபமா, அனுமதியா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனாள்.

போய், ஒரு மேட்டில் ஏறி நின்றாள். முதல் கார் வந்தபோது விரல் மரத்துப் போயிருந்தது. அழுத்த முடியவில்லை. இரண்டாவது காருக்கும் அப்படித்தான். அவள் கண் காரில் நிற்காமல் சாலையோரம், மரத்தடி, நாடா என்று ஆட்களைத் தேடி ஓடியது. அதன் பிறகு, கேமராவில் ஒரு கண்ணும் வெளியே ஒரு கண்ணுமாக, இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு எடுக்க முயன்றாள். தலை சுற்றியது. படங்கள் கோணல்மாணலாக வந்தன. பாதியில் கார் வெட்டுப்பட்டிருந்தது. நீலக் கார் வந்தபோதும் அப்படித்தான். நல்ல படம் ஒன்றுகூடத் தேறவில்லை.

மாலையில் வீடு திரும்பியபோது அவர் கடையை மூடாமல் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எப்படி வந்துது?"

"ஒண்ணும் சரியில்ல."

"காட்டு" என்று கை நீட்டி வாங்கினார். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பாதிக் கார், வெறும் சாலை, வேலியோரத்தில் நின்ற யாரோ ஒருவரின் தொப்பி. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"இந்தத் தொப்பிக்காரன் யாரு?"

"தெரியாது. ஓரமா நின்னுட்டிருந்தார்."

"காரை விட்டுட்டு இவனை எடுத்திருக்கியே" என்றார் தையல்காரர். அடுத்த படத்துக்குத் தள்ளியபடி, நகர்ந்து அவளுக்கும் பெஞ்சில் இடம் விட்டார்.